ஏக்கருக்கு ஒரு கோடி என்பவரிடம் கன்று வாங்காதீர்கள்

கேள்வி: காளையார்கோவில் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் செவல் நிலம், மானாவாரி. பல வருடம் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்ததை இப்போதுதான் அகற்றினோம். ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து, ஏக்கருக்கு 435 கன்று, சந்தனமும் மகாகனியும் வையுங்கள், 15 வருடத்தில் ஏக்கருக்கு ஒரு கோடி, மரத்தை நாங்களே வெட்டி எடுத்துக்கொள்வோம் என்கிறார். கன்று ஒன்று 150 ரூபாய். எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேருக்கு நிலம் இல்லை. அவர்களுக்கும் இதில் வேலை கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வைக்கலாமா? வளர்ந்த பிறகு அரசாங்கம் வெட்ட விடுமா?

பதில்: மரம் வையுங்கள் அம்மா. அவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.

435 என்பது பத்துக்குப் பத்து அடி இடைவெளியில் ஒரு ஏக்கருக்குள் அடங்கும் எண்ணிக்கை. மரம் ஒன்று 25,000 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் கோடி வந்துவிடும். பொய்த்த மழை, செத்த கன்று, ஆடு கடித்த கன்று எதுவும் அந்தப் பெருக்கலில் இல்லை. ஐந்து ஏக்கருக்குக் கன்று விலை மட்டுமே மூன்றேகால் லட்சத்தைத் தாண்டுகிறது. அவருடைய வியாபாரம் அந்தப் பணத்தோடு முடிந்துவிடும். உங்களுடையது அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும். வளர்ந்த மரத்தை அவர்களே வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் என்று நீட்டும் தாளில் விலை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ‘அன்றைய சந்தை விலை’ என்று இருக்கும். சந்தை விலைக்கு எந்த மர வியாபாரியும் வாங்குவான், அதற்கு எதற்கு ஒப்பந்தம்? 1990களில் தேக்குத் திட்டம் என்று ஊர் ஊராகப் பணம் வாங்கி எத்தனையோ நிறுவனங்கள் கவிழ்ந்தன. 1999இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு இதற்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. அப்புறம் ஈமு கோழித் திட்டமும் வந்து போனது. இப்போது அதே பேச்சு சந்தனத்தின் பெயரில் நடக்கிறது.

சந்தனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். தமிழ்நாட்டில் 2002க்கு முன்பு பட்டா நிலத்தில் நின்றாலும் சந்தன மரம் அரசுக்குத்தான் சொந்தம். சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மரம் உங்களுடையது. 2008இல் பட்டா நிலச் சந்தனத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. வளர்க்கலாம், தடை இல்லை. ஆனால் மரம் உங்களுடையது என்பதற்காக நீங்களாக வெட்டவோ, வெளி ஆளுக்கு விற்கவோ முடியாது. வனத்துறைக்கு விண்ணப்பித்து, அவர்கள் வழியாகத்தான் வெட்டி விற்க வேண்டும். அப்படியிருக்க, ‘நாங்களே வெட்டி எடுத்துக்கொள்வோம்’ என்று ஒரு தனியார் ஆள் எப்படிச் சொல்கிறார்? அவரிடமே கேளுங்கள். போதாததற்குச் சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும் மரம். துணைச் செடி இல்லாமல் வைத்தால் சவலையாகவே நிற்கும். 15 வருடத்தில் எவ்வளவு வைரம் பாயும் என்று யாராலும் எழுதித் தர முடியாது. வைரம் பாயத் தொடங்கினால் திருடன் வருவான், காவலுக்கு ஆள் போட வேண்டும். ஆசைக்கு வீட்டோரம் பத்து மரம் வையுங்கள், போதும்.

மற்ற மரங்களை வெட்ட விடுவார்களா என்றால், விடுவார்கள், அலைய வைத்து விடுவார்கள். சவுக்கு, தைலத்துக்குத் தொல்லை குறைவு. தேக்குக்கு அனுமதி வேண்டும். உழவரின் மரத்துக்குத் தடை குறைய வேண்டும் என்று 2014இலேயே தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கை போட்டாயிற்று, உலகிலேயே முதல் நாடு என்ற பெருமையோடு. 2025இல் மத்திய அரசு மாதிரி விதிகளை வேறு மாநிலங்களுக்கு அனுப்பியது. இன்றைக்கும் விவசாயி கிராம நிர்வாக அலுவலருக்கும் வனத்துறைக்கும் நடுவில்தான் நடந்துகொண்டிருக்கிறார். அதனால் நட்ட வருடமே எத்தனை மரம், என்ன மரம் என்று அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன நிற்கிறது என்று எழுதும் கிராமக் கணக்கில், ஏற்றச் சொல்லுங்கள். ‘வளரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்பார்கள். விடாதீர்கள்.

இனி உங்கள் குழுவுக்கு வேலை. பத்துக்குப் பத்தில் அடைத்தால் மூன்று நான்கு வருடத்தில் நிழல் மூடிவிடும், உள்ளே எதுவும் விளையாது. முதல் வருடம் குழி வெட்டவும் தண்ணீர் ஊற்றவும் கூலி கிடைக்கும், அதன் பிறகு அந்த ஆறு பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். தைலமரம் வைத்த ஊர்களில் கூலிப் பெண்களுக்கு நடந்தது இதுதான்.

வரிசைக்கு வரிசை 30 அடி விடுங்கள், வரிசைக்குள் 12 அடி. ஏக்கருக்கு சுமார் 120 மரம் வரும். வேம்பு, வேங்கை, புளி, நாவல், கொடுக்காப்புளி என்று கலந்து வையுங்கள். நடுவில் உளுந்து, கடலை, கேழ்வரகு வழக்கம்போல நடக்கட்டும். சரிவுக்குக் குறுக்காக வரப்பு போட்டு, அதில் தழை உரத்துக்கு வளர்க்கும் கிளைரிசிடியா மரத்தின் போத்து ஊன்றினால் மண் அரிப்பு குறையும். தழையை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வெட்டி நிலத்திலேயே போடுங்கள். உங்கள் மண்ணுக்கு இப்போது முதல் தேவை அதுதான். கருவேல் தூர் மறுபடி தளிர்க்கும், மழைக்கு மழை பிடுங்குங்கள். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: கிளுவை வேலி, உள்ளே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல். வறண்ட நிலத்தில் மரமும் மாடும் சேர்ந்து பிழைக்கும் அந்த ஏற்பாட்டை எந்த ஏஜென்டும் வந்து விற்கவில்லை.

கையில் சீக்கிரம் காசு வர, கிணறோ பண்ணைக்குட்டையோ இருந்தால் அரை ஏக்கர் செடிமுருங்கை. பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 ரகம் ஆறு மாதத்தில் காய்க்கும். காய் விலை சரியும் மாதங்களில் இலை பறிக்கலாம். அதைவிட நல்ல வழி, கன்றை வெளியில் வாங்காமல் குழுவே நாற்றங்கால் போடுவது. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் பொறுக்கி உடனே பையில் போடுங்கள், சில வாரங்களிலேயே கொட்டை முளைக்கும் திறனை இழந்துவிடும். பை நிரப்பும் வேலை நிழலில் உட்கார்ந்து செய்வது, வயதானவர்களுக்கும் குனிந்து நிமிர முடியாதவர்களுக்கும் ஏற்றது. கூலி போக முருங்கையிலும் நாற்று விற்பனையிலும் குழுவுக்கு என்ன பங்கு என்பதை நடுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு மரம் காய்க்கும்வரை தாங்காது.

மீதிக் கன்றுக்கு, அரசின் பசுமைப் போர்வை இயக்கத்தில் இலவசமாகத் தருகிறார்கள். வேளாண் துறையின் உழவன் செயலியில் பதியுங்கள். கார்த்திகை கடந்து கன்று வந்தால் மானாவாரியில் நடாதீர்கள், அடுத்த மழைக்குக் கேளுங்கள். எங்கே வாங்கினாலும் ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள். வேர் அடியில் சுருண்டிருந்தால் அந்தக் கன்று வேண்டாம், பார்க்கப் பசுமையாக இருக்கும், பிற்பாடு காற்றுக்குச் சாயும்.

அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத் தாளை அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் அனுப்புங்கள்.