மே மாசம் வேண்டாம், ஆடியில போ தங்கச்சி

கேள்வி: அக்கா, ராயக்கோட்டை பக்கம் ரெண்டு ஏக்கர்ல சாமந்தி போட்டிருக்கோம். எனக்கு 52 வயசு. உத்தரகாண்ட்ல பூக்களோட பள்ளத்தாக்குன்னு ஒரு தேசியப் பூங்காவை மொபைல்ல பார்த்ததுல இருந்து ஒரே ஆசை. "தினமும் பூவுலதானே கிடக்கறோம், அங்க என்னத்த பார்க்கப் போற"ங்கறார் வீட்டுக்காரர். பையன் மே மாசம் பத்ரிநாத் டூரோட சேர்த்து புக் பண்றேங்கறான். முட்டி வலி கொஞ்சம் இருக்கு. போலாமா? விதை கொண்டாந்து போட்டா நம்ம ஊர்ல வருமா?

பதில்: தாராளமா போலாம் தங்கச்சி, ஆனா முதல்ல அந்த மே மாச புக்கிங்கை நிறுத்தச் சொல்லு. அந்தப் பூங்கா கேட்டே ஜூன் 1ஆம் தேதிதான் திறப்பாங்க, ஜூன்லயும் வழியில பனி கிடக்கும், பூ ஒண்ணு ரெண்டுதான் தலை காட்டும். பூத்துக் குலுங்கறது ஜூலை பாதியில இருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும், அதாவது அப்படியே நம்ம ஆடி மாசம். ஆடியில கல்யாணம் இல்லாம பூ ரேட்டும் இறங்கித்தான் கிடக்கும், பதினெட்டாம் பெருக்குக்குப் பறிக்கற பூவை யார் பார்த்துக்கறதுன்னு மட்டும் ஏற்பாடு பண்ணிக்கோ. மழை பெய்யும், நனையத்தான் வேணும், அந்த மழையிலதான் அத்தனை பூவும்.

வீட்டுக்காரர் கேட்டதும் நியாயம்தான். நம்ம காடு மாதிரி ஒரே மஞ்சளா விரிச்சு வச்சிருக்கும்னு நினைச்சுட்டுப் போனா ஏமாந்துருவ, தூரத்துல வெறும் பச்சைதான், கிட்டப் போய் குனிஞ்சாதான் ஊதா, வெள்ளை, நீலம்னு ஒரு முழத்துக்குள்ள நாலஞ்சு விதம் தெரியும், ஒண்ணுகூட யாரும் நாத்து விட்டது இல்ல, தண்ணி கட்டினது இல்ல. ஆகஸ்ட்ல ரோஸ் கலர்ல இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி கும்பலா நிக்கும், அதைப் பார்த்ததும் எனக்கு எங்கம்மா வீட்டு வாசல் ஞாபகம் வந்துருச்சு, ஏன்னா அது நம்ம காசித்தும்பைக்குப் பங்காளி. காய் முத்தினா லேசா விரல் பட்டாலே படக்குன்னு வெடிச்சு, தோல் சுருண்டு விதை தெறிக்குமே, சின்ன வயசுல விளையாடியிருப்ப, அதுவும் அப்படியேதான்.

களையும் இருக்கு அங்க. 1982ல தேசியப் பூங்கா ஆன சமயத்துல ஆடு மேய்க்கறதை நிறுத்தினாங்க, அப்புறம் அமேலான்னு ஒரு செடி மத்த பூவையெல்லாம் அமுக்கிட்டு படர ஆரம்பிச்சுது, மேய்ச்சல் நின்னதுதான் காரணம்னு ஒரு பக்கம் சொல்றாங்க, இன்னொரு பக்கம் இல்லைங்கறாங்க, வனத்துறை ஆள் வச்சு பிடுங்கிட்டு இருக்கு. களை எடுத்தே கை காய்ச்சுப் போன உனக்கு இது நல்லாவே புரியும். விதை மட்டும் வேண்டவே வேண்டாம். அங்க ஒரு பூவைப் பறிக்கறதும் தப்பு, கொண்டாந்தாலும் வராது, வருஷத்துல பாதி பனிக்கடியில கிடக்கற செடிங்க, அந்தக் குளிர் பட்டாதான் நிறைய விதை முளைக்கவே செய்யும், ராயக்கோட்டை வெயில்ல அதுக்கு எங்க போறது.

இப்ப முட்டி. பெங்களூர்ல பிளைட் ஏறி டேராடூன், ரிஷிகேஷ்ல ஒரு ராத்திரி, மறுநாள் முழுக்க மலை ரோட்டுல ஜோஷிமட், அங்கிருந்து கோவிந்த்காட், புல்னாவோட ரோடு முடிஞ்சுரும். அதுக்கு மேல காங்கரியா கிராமம் வரைக்கும் சுமார் 10 கிலோமீட்டர் ஏத்தம், குதிரை கிடைக்கும், கூச்சப்படாம ஏறிக்கோ. காங்கரியாவே 3,000 மீட்டருக்கு மேல, நம்ம ஊட்டி தொட்டபெட்டா உச்சியே 2,637 தான், அப்ப மூச்சு எப்படி வாங்கும்னு பார்த்துக்கோ, அன்னிக்கு ராத்திரி அங்க நல்லா ரெஸ்ட் எடு. பள்ளத்தாக்குக்குள்ள குதிரை விடமாட்டாங்க, நடக்கணும், முடியாதவங்களை முதுகுல கூடை கட்டித் தூக்கிட்டுப் போற ஆளுங்க இருக்காங்க. ஆத்துப் பாலம் தாண்டினதும் வர்ற ஏத்தம்தான் கஷ்டம். உள்ள தங்க விடமாட்டாங்க, சாயந்தரத்துக்குள்ள காங்கரியா திரும்பிடணும். 1939ல செடி சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக்ங்கற அம்மா பாறையில வழுக்கி விழுந்து இறந்துட்டாங்க, அவங்க கல்லறை அந்தப் பூவுக்கு நடுவுலயே இருக்கு, அதனால செருப்பு போட்டுட்டுப் போற வேலை வேண்டாம், நல்லா கிரிப் இருக்கற ஷூ, கையில ஒரு தடி.

இன்னொண்ணு, இதை பையன்கிட்ட அழுத்திச் சொல்லு, கூடுதலா ரெண்டு நாள் கையில வச்சுட்டு டிக்கெட் போடணும். நான் போனப்ப டூர்காரங்க பள்ளத்தாக்குக்குன்னு ஒரே நாள்தான் வச்சிருந்தாங்க, வழியில மண் சரிஞ்சு ரோடு மூடி அந்த நாளே போச்சு, மறுநாள் மதியத்துக்கு மேல கேட்டுல நின்னு இனி விடமாட்டோம்னு திருப்பி அனுப்பினப்ப அழுகையே வந்துருச்சு, அடுத்த வருஷம் திரும்பப் போய்தான் பார்த்தேன். மொத்தம் பத்து நாள் வை.

பிபி, சுகர் எல்லாம் டாக்டர்கிட்ட காட்டிட்டு, இப்ப இருந்தே வாரம் ஒரு தடவை கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை ஏறி இறங்கிப் பாரு, ஏறறப்ப மூச்சுதான் வாங்கும், முட்டி நிலவரம் இறங்கறப்பதான் தெரியும். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு ஏறு.