டெஸ்ஸாவ் கிழவரும் ஒரு இரும்புக் கம்பியும்

அன்புள்ள சார்,

போன வாரம் பிரஷ்யாங்கற பழைய ஜெர்மன் ராஜ்ஜியத்தைப் பத்தி எழுதினப்ப நடுவுல "மருந்துக்கடைக்காரர் மகளைக் கட்டிக்கிட்ட இளவரசன்"னு டெஸ்ஸாவ்ங்கற குட்டி ஜெர்மன் சமஸ்தானத்து லியோபோல்டைப் பத்தி ஒரே வரி சொல்லிட்டு கடந்து போயிட்டீங்க. நான் தேடிப் படிச்சேன். அந்தப் பொண்ணுக்காக ஒரு டாக்டரையே கொன்னுட்டாராமே? சிப்பாய்களை அடிச்சே பழக்கினவராமே? நீங்க என்னமோ காதல் படத்து ஹீரோ ரேஞ்சுக்கு எழுதியிருக்கீங்க. இன்னொண்ணு, இளவரசன்னா ஜெனரல் பதவி சும்மா பேருக்குத்தானே குடுப்பாங்க, இவருக்கு நிஜமாவே சண்டை தெரியுமா?

(பேர் போட வேணாம்னு கேட்டிருக்கார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நல்லா மாட்டிக்கிட்டேன். அந்த ஒரு வரி அழகா இருந்துச்சு, அதுக்காகவே வெச்சேன், தப்புதான்.

கொலை விஷயம் அப்படித்தான் சொல்றாங்க. 1693ல அப்பா செத்தப்ப பையனுக்கு 17 வயசு, மருந்துக்கடைக்காரர் பொண்ணு அன்னா லூயிஸா மேல அப்பவே பித்து. அம்மாவோ ஹாலந்துல ஆரஞ்சுங்கற பெரிய வம்சம், அவங்களுக்கு மருந்துக்கடை சம்பந்தம் ஜீரணமாகுமா, ஊர் சுத்தினா மறந்துடுவான்னு இத்தாலிக்கு அனுப்பிவெச்சாங்க. மறக்கல. திரும்பி வந்தவன் அவ பக்கத்துல ஒரு இளம் டாக்டரைப் பார்த்ததும் வாளை உருவிட்டான்னு கதை. 1698ல ஆட்சி கைக்கு வந்ததும் கல்யாணத்தை முடிச்சுட்டார், 1701ல ஜெர்மன் சமஸ்தானங்களுக்கெல்லாம் மேல இருந்த பேரரசர்கிட்ட சொல்லி அவளுக்கு இளவரசிப் பட்டமும் வாங்கிட்டார், இல்லேன்னா பொறக்கற பிள்ளைங்களுக்கு டெஸ்ஸாவ் ஆட்சியில உரிமை கிடைச்சிருக்காது. அவர் சண்டைக்குப் போறப்பெல்லாம் ஊரை நிர்வாகம் பண்ணது அந்தம்மாதான். 46 வருஷ தாம்பத்யம்.

சண்டை தெரியுமாவா? 1704ல பிளென்ஹைம், 1705ல கசானோ, 1706ல டூரின், பிரான்சுக்கு எதிரா நடந்த இந்தச் சண்டை எல்லாத்துலயும் பிரஷ்யக் காலாட்படையோட களத்துல நின்ன ஆள். 1712ல ஃபீல்டு மார்ஷல், அதாவது படையில உச்சப் பதவி. ஆனா என்னைக் கேட்டா இதெல்லாம் ரெண்டாம்பட்சம், அந்தக் காலத்துல இந்த மாதிரி ஜெயிச்ச ஜெனரலுங்க நிறைய பேர் இருந்தாங்க. இவர் பண்ண பெரிய காரியம் ஒரு கம்பி.

அந்தக் காலத்து மஸ்கட்ங்கற நீளத் துப்பாக்கியில குண்டு போடறதை நினைச்சுப் பாருங்க. தோட்டாக் காகிதத்தைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும், கருமருந்தைக் குழாய்க்குள்ள கொட்டணும், குண்டைப் போடணும், குழாய்க்கு அடியில சொருகியிருக்கற குச்சியை உருவி உள்ளவிட்டு கெட்டிக்கணும், மறுபடி குச்சியைச் சொருகணும், அப்புறம்தான் சுட முடியும். அந்தக் குச்சி மரம். எதிர்ல ஆளுங்க ஓடிவர்றப்ப பதட்டத்துல வேகமா ஒரு குத்து குத்தினா படக்குனு முறிஞ்சிடும், முறிஞ்சா அதோட அந்தத் துப்பாக்கி வெறும் ஈட்டிதான். இவர் தன் ரெஜிமெண்டுல அதை இரும்பாக்கினார், பிற்பாடு பிரஷ்யப் படை முழுக்க அதே வந்துச்சு. இப்ப எவ்வளவு ஓங்கிக் குத்தினாலும் கவலையில்ல. கூடவே லெஃப்ட் ரைட்னு எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே காலை எடுத்து வைக்கிற நடை. இன்னைக்கு ஸ்கூல் பேரேடுல கூட இருக்கறதால அதுல என்ன பெருசுன்னு தோணும். கால் ஒத்துப்போனாத்தான் வரிசைங்களை நெருக்கி நிறுத்த முடியும், நெருங்கினாத்தான் ஒரே சமயத்துல மொத்தமா சுட முடியும். 1741ல ஆஸ்திரியாவோட மோல்விட்ஸ்ல நடந்த சண்டையில பிரஷ்யக் குதிரைப்படை சிதறி, இளம் ராஜா பிரெடரிக்கே களத்தை விட்டுப் போனதுக்கப்புறமும் காலாட்படை அசையாம நடந்து ஜெயிச்சுக் குடுத்துச்சே, அது இந்தப் பழக்கம்தான். இந்தப் பழக்கம் எப்படி வந்துச்சுன்னா, நீங்க சொன்னது கரெக்ட், அடி. அதை மறைக்க நான் யாரு.

வேடிக்கை என்னன்னா அந்த பிரெடரிக்குக்கு இவரைக் கண்டாலே ஆகாது. லியோபோல்ட் அந்த பிரெடரிக்கோட அப்பா, முந்தின ராஜா பிரெடரிக் வில்லியமோட உயிர் சிநேகிதர், ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் படையையே கட்டினாங்க, சுமார் 40,000 பேர் 80,000 ஆச்சு. பையன் 1740ல ஆஸ்திரியாகிட்ட இருந்த சைலீசியா மேல படையெடுத்தப்ப கிழவரைக் கூட்டிட்டுப் போகல, வாத்தியாரோட சண்டைக்குப் போறான்னு உலகம் சொல்லிடுமாம்! 1745 டிசம்பர்ல, சாக்சனி மேல படையோட போன கிழவருக்கு, மெதுவா நகர்றீங்கன்னு ராஜாகிட்டேர்ந்து காட்டமா கடிதாசி வேற. கிழவருக்கு 69 வயசு, பொண்டாட்டி அந்த வருஷம் பிப்ரவரியிலதான் போய்ச் சேர்ந்திருந்தாங்க. டிசம்பர் 15, கெஸ்ஸல்ஸ்டோர்ஃப், பனி. "ஆண்டவா, எனக்கு ஒத்தாசை பண்ணு, முடியலேன்னா அந்தப் பயலுகளுக்கும் பண்ணாத, சும்மா நின்னு வேடிக்கை பாரு"ன்னு வேண்டிக்கிட்டாராம், நடந்துச்சோ இல்லையோ அவர் வாய்க்குப் பொருத்தம்தான். பிரஷ்யக் காலாட்படையை ரெண்டு தடவை சாக்சனிக்காரங்க அடிச்சுத் தள்ளிட்டாங்க. ரெண்டாவது தடவை அவங்க ஜெயிச்ச குஷியில அரணை விட்டு வெளிய துரத்திட்டு வந்து அவங்க பீரங்கிக்கு அவங்களே குறுக்க நின்னுட்டாங்க, பிரஷ்யக் குதிரைப்படை பாய்ஞ்சுடுச்சு. பிரஷ்யா பக்கமே செத்தவங்களும் காயம்பட்டவங்களுமா சுமார் 5,000 பேர். ரெண்டு நாள் கழிச்சு வந்த ராஜா குதிரையை விட்டு இறங்கி கிழவரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். அதுதான் கடைசி சண்டை, 1747 ஏப்ரல்ல டெஸ்ஸாவ்ல இறந்துட்டார்.

காதல் ஹீரோன்னு கிண்டல் பண்ணீங்கல்ல, உங்களுக்கு இன்னொரு பாயிண்டும் எடுத்துக் குடுக்கறேன். 1733ல இவருக்கு அன்னா லூயிஸா இல்லாத வேற ஒருத்தி மூலமா ஒரு பையன் பொறந்தான், பேரு பேரென்ஹோர்ஸ்ட். அவனும் பிரஷ்யப் படையில இருந்தான், பிரெடரிக்கை பக்கத்துல இருந்து பார்த்தான். வயசான காலத்துல போர்க்கலை பத்தி ஒரு புஸ்தகம் எழுதினான். மனுஷனை மெஷினாக்கற அந்த டிரில்லையே அதுல கிழிகிழின்னு கிழிச்சிருக்கான்.