தாத்தாவின் சிகரெட் கார்டுகளில் கறை: கழுவலாமா?

கேள்வி: என் தாத்தா 1930-களில் கொழும்பில் ஒரு துரை வீட்டில் வேலை பார்த்தவர். சிகரெட் பாக்கெட்டுக்குள் வரும் படக் கார்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். குளச்சல் வீட்டு மச்சில் இருந்த தகரப் பெட்டியில் இப்போதுதான் அவை கிடைத்தன. கிரிக்கெட் வீரர்கள், கப்பல்கள், பறவைகள் என்று நாற்பது கார்டு. பலவற்றில் பழுப்புப் புள்ளிகள், சிலவற்றில் தண்ணீர் இறங்கிய கறை, குண்டூசித் துரு. பத்துப் பன்னிரண்டு கார்டுகள் பழைய கணக்கு நோட்டில் ஒட்டியிருக்கின்றன. நாகர்கோவிலில் பழைய நாணயம், தபால்தலை வாங்கி விற்கும் ஒருவர், கார்டுக்கு 100 ரூபாய் கொடுத்தால் மருந்தில் கழுவிப் புதுசுபோல் தருவதாகச் சொல்கிறார். ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பிராட்மேனின் கார்டு இருப்பதால் லட்சக்கணக்கில் போகுமாம். அவரிடம் கொடுக்கலாமா? இல்லை, வீட்டிலேயே கழுவலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே போய்த் திருப்பி வாங்குங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அவர் மருந்து என்று சொல்வது பெரும்பாலும் துணிக்குப் போடும் பிளீச், இல்லாவிட்டால் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டிலும் கார்டு வெளுக்கும், அதில் பொய்யில்லை. கையில் வாங்கும்போது பளிச்சென்று இருக்கும், நீங்களும் சந்தோஷமாகக் காசு கொடுப்பீர்கள். ஆனால் பிளீச் காகிதத்தின் நாரையே அரிக்கும். சில வருஷத்தில் கார்டு மறுபடி மஞ்சளாகி, லேசாக வளைத்தாலே அப்பளம் மாதிரி உடையும். பெராக்சைடு உங்கள் கார்டுகளுக்கு இன்னும் மோசம். குண்டூசித் துரு என்பது இரும்பு. பழுப்புப் புள்ளிகளிலும் பல நேரம் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் இருக்கும். இரும்பு இருக்கும் இடத்தில் பெராக்சைடின் வேகம் பல மடங்கு ஏறி, காகிதத்தையே தின்றுவிடும். கறை போய் அந்த இடத்தில் ஓட்டை மிஞ்சும். துருவுக்கு எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். அமிலத்தை ஊற்றிக் காகிதத்தைக் காப்பாற்ற முடியாது.

லட்சக்கணக்கு கதைக்கு வருவோம். ஹோனஸ் வாக்னர் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதிலிருந்து பழைய கார்டு என்றாலே எல்லோருக்கும் கண் விரிகிறது. அதுவும் சிகரெட் கார்டுதான், ஆனால் 1909 முதல் 1911 வரை வந்த அந்தத் தொகுதியில் வாக்னர் கார்டு மிஞ்சியிருப்பது அறுபது வாக்கில்தான். பிராட்மேன் கதை வேறு. ஜான் பிளேயர் கம்பெனி 1938-ல் போட்ட கிரிக்கெட் தொகுதியில் மொத்தம் 50 கார்டு, அதில் அவரும் ஒருவர். அந்தக் காலத்து சிகரெட் கம்பெனிகள் இவற்றை லட்சோப லட்சமாக அடித்துத் தள்ளின. கறையில்லாத முழுத் தொகுதியே இன்று இங்கிலாந்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். உங்கள் நாற்பது கார்டைக் கழுவ அவர் கேட்கும் 4,000 ரூபாய்க்கு நீங்கள் கிட்டத்தட்ட ஒரு தொகுதியே வாங்கிவிடலாம்! இதையெல்லாம் தாத்தாவுக்காகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், லாபத்துக்காக அல்ல.

விற்கிற எண்ணம் இருந்தாலும் கழுவுவது நஷ்டம்தான். கார்டுகளைத் தரம்பிரித்து உறையிட்டுத் தரும் அமெரிக்காவின் பி.எஸ்.ஏ. நிறுவனம், கறை எடுக்க ரசாயனம் போட்டது தெரிந்தால் தர எண் கொடுப்பதில்லை. ஓரம் நறுக்கிய கார்டுக்கும் அதே கதி. மிகப் பிரபலமான ஒரு வாக்னர் கார்டின் ஓரத்தை நறுக்கியதாக அமெரிக்க ஏலக்காரர் ஒருவரே 2013-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். அங்கேயே அப்படி என்றால் இங்கே சொல்ல வேண்டுமா? மழுங்கிய மூலையை பிளேடால் சீவி கூர்மையாக்குவது, போன நிறத்தைக் கலர் பென்சிலால் தீட்டுவது, 'இரண்டு வாரம் வைத்துவிட்டுப் போங்கள்' என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு நல்ல கார்டுக்குப் பதில் மறுபதிப்பைத் திருப்பித் தருவது எல்லாம் நடக்கிறது. யாரிடம் காட்டினாலும் முன்னதாக ஒவ்வொரு கார்டையும் முன்னும் பின்னும், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். சாதாரண அளவு கார்டு ஏறக்குறைய 36 மி.மீ. அகலம், 67 மி.மீ. நீளம் இருக்கும். நீங்கள் வெறுக்கிற அந்தக் கறைகள் இங்கே உதவிக்கு வரும்: ஒரு கார்டில் இருக்கும் புள்ளிகள் அதே இடத்தில் இன்னொன்றில் இருக்காது. திரும்பி வந்தது உங்களுடையதுதானா என்று உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் லேமினேஷன். எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் சூடாக பிளாஸ்டிக் ஒட்டித் தந்துவிடுவார்கள். அதோடு அந்தக் கார்டின் கதை முடிந்தது. அந்தப் பசை காகிதத்துக்குள் உருகி இறங்கிவிடும். படத்தைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. உள்ளே மாட்டிய ஈரமும் பூஞ்சணமும் சாவகாசமாக வேலை பார்க்கும். பத்திரம், சர்ட்டிபிகேட், கல்யாண போட்டோ என்று நம் ஊரில் லேமினேஷனால் பாழானதற்குக் கணக்கே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலை ஈரத்தை நிறுத்துவது. நம் குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. குளச்சலில் அதோடு கடல் காற்று. அதில் வரும் உப்பு பொருள்மேல் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வளரும். உங்கள் பழுப்புப் புள்ளிகள் இப்படி வந்தவைதான். அந்தத் தகரப் பெட்டியை விட்டு கார்டுகளை வெளியே எடுத்து, வெயில் நேராகப் படாத அறையில், சுத்தமான வெள்ளைத் தாளின்மேல் பரப்பி, மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிடுங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம், மை வெளுத்துவிடும்.

நன்றாகக் காய்ந்தபின், பஞ்சுபோல மெல்லிய பொடியாகத் தெரியும் பூஞ்சணத்தை மென்மையான வாட்டர் கலர் பிரஷால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, வாசல் பக்கம் பார்த்துத் தட்டி விடுங்கள். என்-95 முகக்கவசம் கட்டாயம். ஆஸ்துமா இருப்பவர் இந்த வேலையில் உட்காரவே வேண்டாம். மேலே படிந்த வெறும் அழுக்குக்கு வெள்ளை வினைல் ரப்பரைத் துருவி, அந்தத் தூளைக் கார்டின் படமில்லாத பின்பக்கம் போட்டு விரல் நுனியால் மெல்ல உருட்டி, பிரஷால் தள்ளிவிடலாம். பழுப்புப் புள்ளியும் துருவும் இதில் போகாது. போக வேண்டியதும் இல்லை, விட்டுவிடுங்கள். துருப்பிடித்த ஊசி இன்னும் குத்தியிருந்தால் அதை மட்டும் கழற்றுங்கள்.

நோட்டில் ஒட்டியவற்றுக்குத்தான் தண்ணீர். 1930-களின் நடுவில் பிரிட்டிஷ் கம்பெனிகள் ஆல்பத்தில் ஒட்டுவதற்காகப் பின்புறம் பசை தடவியே பல தொகுதிகளை வெளியிட்டன. உங்களுடையவை அப்படி இருக்கலாம், மைதாப் பசையாகவும் இருக்கலாம். இரண்டும் தண்ணீரில் இளகும். நோட்டுப் பக்கத்தைக் கார்டைச் சுற்றி வெட்டி எடுங்கள். அந்தத் துண்டில் பேனா மைக் கணக்கு எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மை கரைந்து கார்டுக்குள் இறங்கும், அதை எடுக்க வழியில்லை. எழுத்து இல்லை என்றால், நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் கார்டின் ஒரு மூலையைத் தொட்டுப் பாருங்கள். நிறம் ஒட்டவில்லையா? பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைத் தட்டில் ஊற்றி, முழுக் கார்டையும் அதில் போடுங்கள். ஒரு மூலையை மட்டும் நனைக்கக் கூடாது. ஈரம் நின்ற எல்லையில் புதிதாகப் பழுப்புக் கோடு விழும். கால் மணி நேரமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். காகிதம் தானாக வழுக்கி வரவேண்டும், இழுக்காதீர்கள். பிறகு பின்புறப் பசையை விரலால் வழித்து, மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதற்கு வெளியே ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர், மேலே கனமான புத்தகம். பிளாட்டிங் பேப்பரை அடிக்கடி மாற்றுங்கள். பழைய தண்ணீர்க் கறையும் இந்தக் குளியலில் கொஞ்சம் மங்கும். ஆனால் இதை ஜனவரி, பிப்ரவரியில் செய்யுங்கள். மழைக்காலத்தில் செய்தால் காய்வதற்குள் பூஞ்சணம் வந்துவிடும்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். சில கம்பெனிகள் அச்சுப் படத்துக்குப் பதில் நிஜமான போட்டோவையே கார்டாகக் கொடுத்தன. கார்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுப்பான இடங்களில் வெள்ளிப் பூச்சுபோல ஒரு மினுக்கம் தெரிகிறதா? பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளியும் கோடும் இல்லாமல் நிறம் வழவழவென்று ஓடுகிறதா? அப்படியானால் அது போட்டோ. அதன் மேலடுக்கு ஜெலட்டின், மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுப்பது. நனைந்தால் ஊதிக் கொழகொழவென்று ஆகி, படமே விரலோடு வந்துவிடும். தட்டில் போடாதீர்கள், பஞ்சுக் குச்சிச் சோதனை வேண்டாம், ரப்பர் தூளும் வேண்டாம், ஈரமாக இருக்கும்போது பட்டர் பேப்பருக்கு நடுவில் அழுத்தி வைக்கவும் வேண்டாம். நோட்டில் ஒட்டியிருந்தால் நோட்டோடு இருக்கட்டும். இது கப்பல் கார்டா, கிரிக்கெட் கார்டா என்று பார்க்க வேண்டியதில்லை, போட்டோவா அச்சா என்பது மட்டும்தான் கேள்வி. சந்தேகமாக இருந்தால் போட்டோ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நீங்களே செய்ய வேண்டியிருப்பதுதான் எரிச்சல். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, எழுநூறு கிலோமீட்டர் தள்ளி. மத்திய அரசு 1976-ல் தொடங்கிய பாதுகாப்பு ஆய்வகம் லக்னோவில். மாவட்டத்தில் ஒரு சாதாரண ஆள் பழைய காகிதத்தை எடுத்துப் போய்க் காட்டி, 'இதை என்ன செய்ய?' என்று கேட்க ஒரு ஜன்னல் கிடையாது. ஓர் அரசு நூலகத்தில் அறுபது வருஷப் பழைய நாளிதழைச் செலோ டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சொன்னேன். 'மேலிடத்தில் எழுதிக் கேளுங்கள்' என்றார்கள். அந்த இடத்தைத்தான் மருந்துக்காரர்கள் நிரப்புகிறார்கள்.

இனி வைப்பது. கடைகளில் கிடைக்கும் பளபளப்பான பிவிசி ஆல்பத்தில் போடாதீர்கள். புதுக் குடை வாசனை வந்தால் அது பிவிசிதான், நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டும். பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை, ஒன்றுக்கு ஒரு கார்டு. பாச்சா உருண்டை வேண்டாம். உறைகளை இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மச்சில் ஏற்றாமல், வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை அலமாரியில் வையுங்கள். நீலமாக இருக்கும் ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் குறைந்த தீயில் வறுத்து, நீலம் திரும்பியதும் ஆறவிட்டுப் போடுங்கள். அந்த வாணலியை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம். இடவப்பாதி தொடங்கும் முன்னும் ஐப்பசி மழை விட்ட பின்னும் டப்பாவைத் திறந்து, பூஞ்சணமோ இராமபாணப் பூச்சியோ இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.