டிராகூன், டிராகோனியன், ராங்கிள்: மூன்றுக்கும் டிராகனோடு என்ன உறவு?

தம்பி, 'டிராகூன்' (dragoon) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் குதிரைவீரன் என்று கிடக்கிறது, ஆனால் உங்கள் பயிற்சி வாக்கியத்தில் ஒரு பெண்ணைக் கமிட்டியில் சேர்க்க அந்தச் சொல் வருகிறது, பொருள் ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அங்கே அது வினைச்சொல். விருப்பமில்லாத ஒருவரை நெருக்கி ஒரு வேலைக்குள் தள்ளுவது. கோயில் பொதுக்கூட்டத்தில் மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிடுகிறவரைச் செயலாளராக இருத்திவிடுகிறார்களே, அதேதான். பிரான்சில் 1681 முதல் பதினான்காம் லூயி மன்னர், பிரெஞ்சில் 'டிராகன்' என்றே பெயர்பெற்ற இந்தக் குதிரைப்படையினரைப் புரட்டஸ்தாந்தர் வீடுகளில் தங்கவைத்து மதம் மாறச் சொல்லி வதைத்தார். வினையின் பொருள் அங்கிருந்து வந்தது. 'வற்புறுத்திச் சேர்த்தார்கள்' என்று எழுதுங்கள், போதும்.

'டிராகோனியன்' (draconian) என்றால் மிகக் கொடூரமான, கடுமையான என்று பொருள். அது நேரே டிராகனிலிருந்து வரவில்லை. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஏதென்சுக்குக் கடுஞ்சட்டம் எழுதிய டிராகோன் என்பவரின் பெயர் அது. டிராகன் என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்குப் பாம்பு என்று பொருள், அந்தப் பெயருக்கும் அதே பொருள் என்பதால் உறவு சுற்றிவந்து சேர்கிறது. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி காண்பீர்கள். சட்டம், தண்டனை, கட்டுப்பாடு ஆகியவற்றுக்கே பொருந்தும். கண்டிப்பான ஆசிரியருக்குப் போடாதீர்கள்.

எனக்கு மிகப் பிடித்தது 'ராங்கிள்' (rankle). டிராகனோடு வேர் பகிரும், 'குட்டிப் பாம்பு' என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல் சீழ்ப்புண்ணுக்குப் பெயராகி, பிறகு மனக்காயத்துக்கு வந்தது. காணி பிரித்தபோது அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை இன்னமும் உள்ளே அரிக்கிறது என்போமே, அதுதான். எழுதும்போது ஆளை அல்ல, அந்த வார்த்தையை எழுவாயாக வையுங்கள்.