அந்த நூறு ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு செய்யாறு பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி 22 வருஷம் ஆகிறது, காலேஜ் படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். கணவர் சென்னையில் கட்டட மேஸ்திரி. எட்டு வருஷமாக அங்கே இன்னொரு பெண்ணோடு இருக்கிறார், ஒரு பையனும் இருக்கிறான். இரண்டு வருஷம் முன்னால் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபோது, ஊருக்குக் கூட்டிவந்து ஏழு மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். எழுந்து நடந்ததும் திரும்பப் போய்விட்டார். இப்போது பையனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு பத்திரம் எழுதி அனுப்பியிருக்கிறார். அவர் நல்லா இருந்தால் எனக்குப் போதும், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். என் அண்ணனோ அந்தப் பெண் மேல் கேஸ் போடு என்கிறார். பத்திரத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, அண்ணன் சொல்கிற கேஸ் சட்டத்தில் இல்லை. தகாத உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது கிடையாது. பழைய சட்டம் இருந்த காலத்தில்கூட மனைவிக்கு அதில் புகார் கொடுக்கும் உரிமை இருந்ததில்லை. அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தையும் படித்தேன். அந்த ஏழு மாதம் நீங்கள் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் வழக்கு அதில் இல்லை. நீங்கள் அனுப்பிய நகலின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு பையனைப் பள்ளியில் சேர்க்க அப்பாவின் மனைவி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அப்படியிருக்க இந்தப் பத்திரம் எதற்கு? அதில் பையனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் வருகிறது. மற்றதெல்லாம் உங்களைப் பற்றி: ‘நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்’, ‘ஜீவனாம்சம் கோர மாட்டேன்’, ‘80 சென்ட் நிலத்தில் எனக்கு எந்த பாத்தியதையும் இல்லை’. உங்கள் நகையை விற்று அவர் பெயரில் வாங்கிய நிலம் அது. எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இப்படிப்பட்ட பத்திரத்தால் திருமணம் முறியாது. ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் முறியாது. சாதி வழக்கப்படி தீர்த்துவிட்டோம் என்று சொன்னால், அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும், அது லேசில் நடக்காது. ஆக நீங்கள் மனைவியாகவே இருப்பீர்கள், மனைவிக்குரியதை மட்டும் இழந்து நிற்பீர்கள்.

நான் அதிகம் பயப்படுவது அந்த முதல் வரிக்குத்தான். கணவன் வேறொரு பெண்ணை வைத்திருந்தால், மனைவி தனியாக இருந்துகொண்டே ஜீவனாம்சம் கேட்கலாம், அதுவே நியாயமான காரணம் என்று சட்டம் சொல்கிறது. அவருடைய துரோகம் உங்களுக்குச் சட்டப்படி உதவும் பெரிய இடம் இதுதான். ஆனால் அதே பிரிவில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 144-ல், பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்றும் இருக்கிறது. ‘மனமொத்து’ என்ற ஒரு சொல்லை வைத்து உங்களை முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூண்டில் ஏறிய பெண்களிடம் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளை நீட்டி, “இது உங்கள் கையெழுத்துதானே?” என்று மட்டும் கேட்பார். “ஆமாங்க, ஆனா…” என்று இவர்கள் ஆரம்பிக்கும்போதே அவர் உட்கார்ந்துவிடுவார். ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அதைச் சொல்லி ஜெயிக்கலாம். ஆனால் அதற்குள் வருஷங்கள் ஓடிவிடும், மகளின் படிப்பு முடிந்துவிடும். நல்ல மனதோடு கையெழுத்துப் போட்டவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கோபத்தில் இருப்பவர்கள் போடுவதில்லை.

அவரை விட்டுக்கொடுக்க நீங்கள் உண்மையாகவே முடிவெடுத்திருந்தால், சமரசமாகவே முடியுங்கள். கோர்ட்டு ஏறிச் சண்டை போடச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சமரசம் நீதிமன்றத்தில் நடக்கட்டும்: இந்துத் திருமணச் சட்டம் 13-பி, பரஸ்பர சம்மத விவாகரத்து. ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும். அவர் கடைசியாகக் கிளம்பிப் போன தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள், உங்கள் வீட்டில் இருந்த ஏழு மாதத்தைப் பிரிந்திருந்த காலமாக எண்ணாதீர்கள். மனுவை செய்யாறிலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம்.

இதில் வரிசைதான் முக்கியம். விவாகரத்து ஆகிவிட்டால் அவருக்குப் பின் நீங்கள் வாரிசு இல்லை, மகள் வாரிசாகவே இருப்பாள். அதனால் நிலம் முதலில் உங்கள் பெயருக்கு வர வேண்டும். கணவன் மனைவியாக இருக்கும்போதே தான செட்டில்மெண்ட் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். குடும்ப உறுப்பினருக்கான முத்திரைக் கட்டணச் சலுகையும் அப்போதுதான் கிடைக்கும். ‘டைவர்ஸ் ஆனதும் எழுதித் தருகிறேன்’ என்ற பேச்சை நம்பி வெறுங்கையோடு நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மகளின் படிப்புச் செலவையும் கல்யாணச் செலவையும் மனுவிலேயே தொகை போட்டு எழுதச் சொல்லுங்கள்.

தீர்ப்பு வரும்வரை உங்கள் சம்மதத்தை நீங்கள் திரும்பப் பெறலாம். அது உங்கள் கையில் இருக்கிற பிடி, முதல் நாளே அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

வக்கீல் கட்டணத்துக்குத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். அவர் கொடுத்தனுப்பிய பத்திரத்தைக் கிழிக்காமல், திருப்பிக் கொடுக்காமல் வைத்திருங்கள். நகை விற்ற ரசீது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். வில்லங்கச் சான்றில் நிலம் உங்கள் பெயருக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, தீர்ப்புக்கு முன் சம்மதத்தைக் கேட்கும் இரண்டாவது வாய்தாவுக்குப் போய்ச் சம்மதம் சொல்லுங்கள்.