அசிட்ரோம் சாப்பிடுபவர் ஃப்ளூ ஊசி போடலாமா?

இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கும் உங்கள் அப்பாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட, ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிடும் அசிட்ரோம் மாத்திரையை இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் கொஞ்சம் ரத்தம் கட்டினால் சில நாளில் கரைந்துவிடும். மாத்திரை இல்லாமல் வால்வில் ரத்தம் உறைந்தால் அது பக்கவாதம் வரை போகும். இரண்டும் ஒன்றல்ல.

செய்ய வேண்டியது, சமீபத்திய ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பரிசோதனை) அளவைப் பார்ப்பது. அவருக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த வரம்பைத் தாண்டாமல் நிலையாக இருந்தால், பொதுவாகத் தசையில் ஊசி போடத் தடையில்லை. தாண்டியிருந்தால் முதலில் இதய மருத்துவரிடம் பேசுங்கள். ஊசி போடும் நர்ஸிடம் இந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசியாகப் போடுவார்கள். போட்டதும் பஞ்சை வைத்து 2 நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்க்கவே கூடாது, நம் ஆட்கள் பழக்கத்தில் தேய்த்துவிடுவார்கள்.

அப்புறம், கை வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் கொடுக்காதீர்கள். தேவைப்பட்டால் ஓரிரு பாராசிட்டமால் போதும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ கை மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கோவிஷீல்டு பயமும் உங்களுக்கு இருப்பது புரிகிறது. அதில் மிக அரிதாக வந்த ரத்த உறைவு, தட்டணுக் காரணி 4 என்ற ரத்தத் தட்டணுப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளால் வந்தது. அந்தத் தடுப்பூசி அடினோவைரஸ் என்ற சளி வைரஸ் வகையை வைத்துச் செய்தது. ஃப்ளூ ஊசியில் அது கிடையாது. அப்பாவின் வால்வுக்கு ஃப்ளூ காய்ச்சல்தான் பெரிய சுமை, அதனால் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள்.