‘கொடு’ ஒன்று, வினை இரண்டு

கேள்வி: ஜப்பானிய மொழியில் ‘அகெரு’, ‘குரெரு’ இரண்டுக்கும் ‘கொடு’ என்றே பொருள் போடுகிறார்கள். எதை எங்கே சொல்வது?

பதில்: வாங்குபவர் யார் என்று பாருங்கள். நானோ என் வீட்டாரோ வாங்கினால் ‘குரெரு’. நான் பிறருக்குக் கொடுத்தாலும், வேறு இருவருக்குள் கைமாறினாலும் ‘அகெரு’. தங்கைக்கு நண்பர் புத்தகம் கொடுத்தார் என்பதிலும் ‘குரெரு’தான் வரும், தங்கை என் பக்கத்து ஆள். பலர் தவறுவது இங்கேதான். ‘வதாஷி நி அகெமாஷ்தா’ (‘எனக்குக் கொடுத்தார்’ என்பதற்கு ‘அகெரு’வைப் போடுவது) என்பது பிழை. ‘எனக்கு’ என்பதை விட்டுவிட்டாலும் ‘குரெமாஷ்தா’ (‘குரெரு’வின் இறந்தகாலம்) என்றதுமே வாங்கியது நம் பக்கம் என்று கேட்பவருக்கு விளங்கிவிடும்.

தொல்காப்பியமும் ‘தா’வைத் தன்மை, முன்னிலைக்கும் ‘கொடு’வைப் படர்க்கைக்கும் வைக்கிறது. அழகான ஒற்றுமை, ஆனால் முழுமையானதல்ல: ‘உனக்குத் தருகிறேன்’ என்பதற்கு ஜப்பானியத்தில் ‘அகெரு’.

கொடுப்பவர் பெரியவர் என்றால் ‘குரெரு’ என்பது ‘குதசாரு’ என்று மாறும். பெரியவருக்குக் கொடுத்தால் ‘சஷிஅகெரு’. செடிக்குத் தண்ணீர், நாய்க்குத் தீனி என்றால் ‘யாரு’. இங்கும் இன்று ‘அகெரு’ சொல்வோர் நிறைய.

இவை வேறு வினையோடு சேரும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஆசிரியரின் பையைத் தூக்க முன்வந்து ‘மொத்தெ அகெமாஸ்’ (தூக்கித் தருகிறேன்) என்றால், உபகாரம் செய்வதாகச் சொல்லிக்காட்டும் தொனி வந்துவிடும். ‘ஒமொச்சி ஷிமாஸ்’ என்பதே பணிவு. நமக்கு ஒருவர் செய்த உதவியைச் சொல்லும்போதோ ‘குரெரு’வை விடக்கூடாது, விட்டால் நன்றியுணர்வே இல்லாத வெறும் தகவலாக ஒலிக்கும்.